நாய்க்குட்டி வரும் முன்: பட்டியலில் எதை அடிப்பது, எதைச் சேர்ப்பது?

கேள்வி: வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு லேப்ரடார் பெண் குட்டி வருகிறது. அன்றைக்கு அதற்கு எட்டு வாரம் நிறைந்திருக்கும். நாய் வளர்ப்பது எங்களுக்கு இதுதான் முதல் தடவை. பால்பவுடர், கால்சியம் டானிக், பெரிய எலும்பு, மெத்தை, ஷாம்பு, இரண்டு தட்டு, கழுத்துப்பட்டை எல்லாம் வாங்கி வைத்துவிட்டோம். "கைக்குழந்தை மாதிரிதான், பாலைக் கொடு, தானாக வளரும்" என்கிறார் என் மாமியார். பாக்கெட் உணவே போதும் என்கிறார் கணவர். எனக்கோ வீட்டில் சமைத்துக் கொடுத்தால் நல்லது என்று படுகிறது. யார் சொல்வது சரி? எத்தனை வேளை, எவ்வளவு கொடுப்பது? பத்து வயது மகனும் ஆறு வயது மகளும் இப்போதே ஆளுக்கொரு தட்டோடு காத்திருக்கிறார்கள். மகள் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: ராத்திரி அது அம்மாவைத் தேடி அழுதால் என்ன செய்வது?

கால்நடை மருத்துவரின் பதில்:

உங்கள் பட்டியலிலிருந்து முதலில் மூன்றை அடித்துவிடுகிறேன்: பால்பவுடர், கால்சியம் டானிக், எலும்பு. ஷாம்பு இருக்கட்டும், அதற்கு இப்போது அவசரம் இல்லை. சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. கிராம் காட்டுகிற சின்ன சமையலறைத் தராசு. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் இன்னும் நல்லது. நாயே வராத வீட்டில் தராசுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று தோன்றும். என்னிடம் தூக்கிக்கொண்டு வரப்படும் வீட்டுக் குட்டிகளில் பட்டினி கிடந்து கெட்டவை மிகக் குறைவு. நாலு பேர் நாலு கையால் பாசமாகப் போட்டு, வயிறு கெட்டு வருபவைதான் அதிகம். உங்கள் வீட்டிலும் போடக் காத்திருக்கும் கைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர், பத்துக் கை.

மாமியாரிடமிருந்தே தொடங்கலாம். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. குட்டிக்குப் பால்தான் முதல் உணவு, ஆனால் அது தாய் நாயின் பால். அதில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை பசும்பாலைவிடக் குறைவு. எட்டு வாரத்துக் குட்டி பால்குடி மறந்த குட்டி. லாக்டோஸைச் செரிக்கிற நொதி அதன் குடலில் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் ஒரு கிண்ணம் பசும்பால் உள்ளே போனால், செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதி ஆகும். எல்லாக் குட்டிக்கும் இப்படி ஆகாது. சில குட்டிகள் குடித்துவிட்டு ஒன்றும் ஆகாமல் ஓடும், அதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. ஆனால் உங்கள் குட்டி எந்த வகை என்று கண்டுபிடிக்க முதல் வாரம் சரியான நேரம் இல்லை. தாயில்லாத, நாலு வாரத்துக்கும் குறைந்த குட்டிகளுக்கு நாய்க்கென்றே செய்த மாற்றுப் பால் இருக்கிறது. உங்களுக்கு அதுவும் தேவைப்படாது. வாங்கிய பால்பவுடரை நீங்களே காபியில் போட்டுக் குடித்துவிடுங்கள்.

கணவர் சொல்வது சரிதான், ஆனால் எந்தப் பாக்கெட் என்பது முக்கியம். பாக்கெட்டின் முன்பக்கத்துப் படங்களை நம்ப வேண்டாம். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். "முழுமையான உணவு" என்று இருக்க வேண்டும். "துணை உணவு" என்று இருந்தால் அது தின்பண்டம் மாதிரி, அதை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது. அடுத்து, "வளரும் குட்டிகளுக்கு" என்று இருக்க வேண்டும். மூன்றாவதாக, உங்களுக்கு இது முக்கியம், "பெரிய இனக் குட்டிகளுக்கு" என்று இருக்க வேண்டும். லேப்ரடார் வளர்ந்தால் 25 கிலோவிலிருந்து 36 கிலோ வரை வரும். சிறிய இனத்துக் குட்டிகள் ஓராண்டுக்குள் வளர்ந்து முடித்துவிடும், பெரிய இனங்களுக்கு ஒன்றரை ஆண்டு வரைகூட ஆகும். இவ்வளவு பெரிய எலும்புக்கூட்டை அவசரமில்லாமல் கட்ட வேண்டும் என்பதற்காகவே அந்த உணவில் கலோரியையும் கால்சியத்தையும் கட்டுக்குள் வைத்திருப்பார்கள்.

இப்போது அந்த டானிக் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எலும்பு வளர கால்சியம் வேண்டும், ஆகவே அதிகம் கொடுத்தால் நன்றாக வளரும் என்று நினைப்பது இயல்பு. வளர்ந்த நாய்க்கு இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. உணவில் கால்சியம் அதிகமாகப் போனால் அதன் குடல் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விட்டுவிடும். குட்டிகளுக்கு, முக்கியமாக ஆறு மாதம் வரை, அந்தக் கதவு முழுசாக மூடத் தெரியாது. வந்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். கூடுதல் கால்சியம் எலும்பு தன்னைத்தானே செதுக்கிக்கொள்ளும் வேலையைக் குழப்பிவிடும், மூட்டுக் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாது. பிறகு முழங்கை, தோள், இடுப்பு என்று நொண்டல் ஆரம்பிக்கும். பெரிய இனங்களில்தான் இது அதிகம்.

ஒரு முறை ஐந்து மாதப் பெரிய இனக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. நல்ல உணவு, நல்ல வீடு, கவனமான மனிதர்கள். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனதில், தரமான பாக்கெட் உணவோடு காலை ஒரு மூடி, மாலை ஒரு மூடி டானிக் என்று வந்தது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். டானிக்கை நிறுத்தினோம், உணவைத் திருத்தினோம். ஓரளவுக்கு நேரானது, முழுக்க நேராகவில்லை. முழுமையான உணவு என்று எழுதிய பாக்கெட்டில் குட்டிக்கு வேண்டிய கால்சியம் ஏற்கெனவே அளந்து போட்டிருக்கிறது. அதன் மேல் ஒரு மூடி ஊற்றினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

அடுத்து உங்கள் சமையல் ஆசை. அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், நேரம்தான் தப்பு. வீட்டில் சமைப்பது என்றால் பெரும்பாலும் இறைச்சியும் அரிசியும்தான். இறைச்சியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல பதினைந்து, இருபது மடங்கு இருக்கும். குட்டிக்கு வேண்டியதோ ஏறக்குறைய சமமான அளவு, கால்சியம் கொஞ்சம் தூக்கலாக. வெறும் இறைச்சியும் அரிசியுமாகவே வளர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் குறையும், உடம்பு அதைச் சரிக்கட்டத் தன் எலும்பிலிருந்தே எடுக்க ஆரம்பிக்கும். எலும்பு மெலிந்து, சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்து வந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி எல்லாம் இதே கதைதான். ஆக, டானிக் ஊற்றிய குட்டியும் சமையல் குட்டியும் எதிரெதிர் வழியில் போய் ஒரே எக்ஸ்ரே அறையில் சந்திக்கின்றன. சமைத்தே தீர வேண்டும் என்றால் கால்நடை ஊட்டச்சத்து தெரிந்த ஒருவரிடம் உங்கள் குட்டியின் எடைக்கும் வயதுக்கும் கிராம் கணக்கில் எழுதி வாங்கிக்கொண்டு, அதை வரிக்கு வரி அப்படியே செய்யுங்கள். இல்லையென்றால் வளர்ச்சி முடியும்வரை பொறுங்கள். அதுவரை ஆசைக்கு, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி இறைச்சியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து, பழக்கும்போது பரிசாகக் கொடுக்கலாம்.

சரி, எந்த உணவு என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதைக் கொடுக்க வேண்டாம்!

தாயை விட்டு, கூடப் பிறந்தவற்றை விட்டு, தெரியாத வண்டியில் ஏறித் தெரியாத வீட்டுக்கு வருகிற குட்டிக்கு அந்த ஒரு நாளில் மாறாமல் இருக்கக்கூடியது சாப்பாடு ஒன்றுதான். குட்டியைக் கொடுப்பவரிடம் இப்போதே தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன சாப்பிடுகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு. அதே உணவைப் பத்து நாளுக்கு ஆகிற அளவு வாங்கி வையுங்கள், அது உங்களுக்குப் பிடிக்காத பிராண்டாக இருந்தாலும் பரவாயில்லை. இடமாற்றத்தின் பதற்றத்திலேயே பல குட்டிகளுக்கு வயிறு இளகும். அதோடு உணவும் மாறினால் எதனால் பேதி என்று எனக்கே கண்டுபிடிக்க முடியாது. மூன்று நாலு நாள் கழித்து, மலம் கெட்டியாக இருந்தால், மாற்ற ஆரம்பியுங்கள். முதல் இரண்டு நாள் பழையது முக்கால், புதியது கால். அடுத்த இரண்டு நாள் பாதிப் பாதி. அப்புறம் இரண்டு நாள் புதியது முக்கால். ஏழாவது நாள் முழுக்கப் புதியது. நடுவில் வயிறு இளகினால் ஒரு படி பின்னால் வந்து இரண்டு நாள் நில்லுங்கள்.

அளவுக்கு வருவோம். எட்டு வார லேப்ரடார் குட்டி ஏறக்குறைய 5 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோ உடம்பு சும்மா படுத்திருக்கவே நாளொன்றுக்குச் சுமார் 235 கிலோகலோரி ஆகும். நாலு மாதம் வரையிலான குட்டிக்கு அதைப் போல மூன்று மடங்கு என்பது நாங்கள் தொடங்குகிற கணக்கு, அதாவது 700. நாலு மாதத்துக்குப் பிறகு இரண்டு மடங்கு. உலர் உணவு பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோகலோரி வரை இருக்கும், பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். 370 என்று வைத்தால் நாளுக்கு 190 கிராம். நாலு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 45, 50 கிராம். கையில் எடுத்துப் பார்த்தால் இவ்வளவுதானா என்று இருக்கும். இந்த இடத்தில்தான் எல்லோரும் இன்னும் ஒரு கைப்பிடி போடுகிறார்கள். கப் அளவையும் நம்ப வேண்டாம். ஒரே கப்பில் நீங்கள் அள்ளுவதும் உங்கள் மகன் அள்ளுவதும் ஒன்றாக இருக்காது. தராசு கேட்டது இதற்குத்தான்.

மூன்று மாதம் முடியும்வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பிறகு இரண்டு வேளை. நேரம் உங்கள் வீட்டு வசதிப்படி இருக்கட்டும், ஆனால் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். கடைசி வேளை தூங்கப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் முடிந்தால் இரவில் உங்களுக்கும் நல்லது. ஆரம்பத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊற வைத்துக் கொடுங்கள். வைத்த தட்டை இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். ஊறிய உணவை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம், கெட்டுவிடும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

நான் சொன்ன 190 கிராம், பாக்கெட்டில் இருக்கிற அட்டவணை எல்லாம் தொடங்குவதற்கான எண்கள். சரியா இல்லையா என்று குட்டியின் உடம்பே சொல்லும். வாரம் ஒரு நாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். எடை ஏற ஏற அளவைத் திரும்பக் கணக்கிடுங்கள். அப்புறம் விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். உங்கள் கையை மேசையில் விரித்து வைத்துப் புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவினால் எப்படித் தட்டுப்படுகிறதோ, குட்டியின் விலாவும் அப்படித் தட்டுப்பட வேண்டும். முஷ்டியை மடக்கித் தடவுவது போல முட்டிக்கொண்டு இருந்தால் மெலிவு. உள்ளங்கைப் பக்கம் தடவுவது போல மெத்தென்று இருந்தால் அதிகம். கொழுகொழு குட்டி புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் அந்தச் சதையைச் சுமக்க வேண்டியது இன்னும் முற்றாத எலும்பு.

உங்கள் இனத்தைப் பற்றியே இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன், மாமியாரிடமும் படித்துக் காட்டுங்கள். 48 லேப்ரடார் நாய்களை, ஒரே ஈற்றில் பிறந்த ஜோடிகளாகப் பிரித்து, எட்டு வாரத்திலிருந்தே ஒன்றுக்கு அதன் ஜோடி சாப்பிட்டதைவிட 25 சதவீதம் குறைவாக, அதே உணவைக் கொடுத்து வாழ்நாள் முழுக்கப் பார்த்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்ட குழுவின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றக் குழுவுக்கு 11.2. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. மூட்டு வாதமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. இரண்டாவது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்டது. லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் ஒழுங்குபடுத்துகிற மரபணு ஒன்றில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. அந்த நாய்கள் எடை அதிகமாகவும் சாப்பாட்டின் மேல் அதிக ஆவலோடும் இருப்பதைப் பார்த்தார்கள். அதனால் உங்கள் குட்டி தட்டைச் சுத்தமாக நக்கிவிட்டு, இன்றைக்கு யாரும் சாப்பாடே போடவில்லை என்கிற மாதிரி பார்க்கும்போது, தராசை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

பிள்ளைகள் விஷயம். தட்டோடு காத்திருக்கிறவர்களிடம் தட்டைப் பிடுங்கினால் நியாயம் இருக்காது, அதனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். காலையில் அன்றைய மொத்த உணவையும் நிறுத்து ஒரு டப்பாவில் போடுவது மகனின் வேலை. தட்டைக் கீழே வைப்பது மகளின் வேலை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டி, நாலு கட்டம் போட்டு, கொடுத்ததும் டிக் அடியுங்கள். டிக் இருந்தால் அந்த வேளை முடிந்தது, அப்பா வந்தாலும் பாட்டி வந்தாலும். பழக்கும்போது கொடுக்கிற பரிசுத் துணுக்குகளையும் அந்த டப்பாவிலிருந்தே எடுக்கட்டும். கோழி இறைச்சி மாதிரி வெளி உணவு எதுவானாலும் அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

குட்டி சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கிப் பழக்க வேண்டும், அப்போதுதான் உறுமாது என்று யாராவது சொல்வார்கள். அது நேர்மாறாகத்தான் முடியும். தன் சாப்பாட்டை எந்த நேரமும் பறிப்பார்கள் என்று கற்றுக்கொண்ட நாய்தான் உறுமும். பதிலாக, அது சாப்பிடும்போது நீங்கள் பக்கத்தில் போய் ஒரு துண்டு கோழி இறைச்சியைத் தட்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். மனிதர் வந்தால் தட்டில் நல்லது விழும் என்று அதற்குப் பதிந்துவிடும். இதைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். ஆறு வயதுக் குழந்தை, சாப்பிடுகிற நாயின் பக்கமே போக வேண்டாம்.

கொடுக்கவே கூடாதவை. சைலிட்டால் என்கிற இனிப்பூட்டி முதலிடம். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய், சில வேர்க்கடலை வெண்ணெய், சில பற்பசை இவற்றில் இருக்கும். நாயின் உடம்பு அதைச் சர்க்கரை என்று நினைத்து இன்சுலினைக் கொட்டும், ரத்தச் சர்க்கரை அரை மணி நேரத்துக்குள்கூட விழுந்துவிடும், அளவு கூடினால் ஈரலும் கெடும். கைப்பையைத் தரையில் வைக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் ஞாயிற்றுக்கிழமையோடு விட்டுவிடுங்கள். சாக்லேட், அதிலும் கறுப்புச் சாக்லேட்டும் கோகோ தூளும், இதயத்தைப் படபடக்க வைக்கும். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். எத்தனை பழம் வரை பரவாயில்லை என்று சொல்லவே முடியாது, அதனால் ஒன்றுகூட வேண்டாம். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், சமைத்தாலும் பொடியாக இருந்தாலும் அப்படித்தான். மக்கடேமியா பருப்பு, காபித் தூள், ஈஸ்ட் போட்டு உப்ப வைத்த பச்சை மாவு, மது, இவையும் சேர்த்தி. மருந்துப் பெட்டி தனிக் கதை: நமக்குச் சாதாரணமான பாரசிட்டமாலும் இப்யூபுரூஃபெனும் குட்டிக்கு விஷம். ஏதாவது விழுங்கிவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே தனி விஷமாகும். பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பெரிய எலும்பு ஏன் வேண்டாம் என்றால், சமைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். கடினமான எலும்பு பல்லை உடைக்கும். ஆனால் கடிக்க ஏதாவது வேண்டும், அது உண்மை. இப்போது அதற்கு 28 பால்பற்கள். நாலாவது மாதத்தில் விழ ஆரம்பித்து, ஏழாவது மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். அந்த மாதங்களில் ஈறு குறுகுறுக்க, நாற்காலிக் கால் முதல் உங்கள் விரல் வரை எல்லாவற்றையும் கடிக்கும். குட்டிகளுக்கென்று செய்த ரப்பர் பொம்மை இரண்டு வாங்குங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிய வேண்டும். பதியவே இல்லை என்றால் அது பால்பல்லுக்குக் கடினம். வாய்க்குள் முழுசாகப் போகிற அளவும் கூடாது.

வீட்டைத் தயார் செய்ய ஒரே ஒரு வேலை சொல்கிறேன். சனிக்கிழமை மாலை நீங்கள் எல்லோரும் கையையும் காலையும் ஊன்றி, குட்டி உயரத்தில், அது இருக்கப் போகிற அறைகளைச் சுற்றி வாருங்கள். மகளை முன்னால் விடுங்கள், அவள் கண்ணில்தான் அதிகம் படும். தொங்கும் மின்கம்பி, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் சாக்ஸ், பொத்தான் பேட்டரி, தையல் ஊசி, எலி மருந்து, அரளி மாதிரி நச்சுச் செடி எல்லாம் அப்போதுதான் தெரியும். முதல் சில வாரம் முழு வீட்டையும் திறந்துவிட வேண்டாம். ஒரு அறையோ, தடுப்பு வைத்த ஒரு மூலையோ போதும். தரை வழுக்கினால் பழைய பாயையோ விரிப்பையோ போடுங்கள், சறுக்கிச் சறுக்கி நடப்பது வளரும் மூட்டுக்கு ஆகாது. அந்த மெத்தையை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு முன் வெளியே எடுத்தால் பஞ்சு தனி, உறை தனியாகக் கிடக்கும், பஞ்சில் கொஞ்சம் குட்டியின் வயிற்றிலும் இருக்கும். பழைய பருத்தித் துணி போதும். கழுத்துப்பட்டையைப் போட்டு உள்ளே இரண்டு விரல் நுழைகிறதா என்று வாரா வாரம் பாருங்கள், கழுத்து அவ்வளவு வேகமாகப் பருக்கும்.

சாப்பாடு உள்ளே போனால் குடல் அசையும், அதனால் சாப்பிட்ட ஐந்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் வெளிக்குப் போக வேண்டியிருக்கும். தூங்கி எழுந்ததும், விளையாடி முடிந்ததும் சிறுநீர். இந்த மூன்று நேரத்திலும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், போனதும் அங்கேயே பாராட்டி ஒரு துணுக்கு கொடுங்கள். இரண்டு மாதக் குட்டியால் பகலில் அதிகபட்சம் மூன்று மணி நேரம் அடக்க முடியும், பல குட்டிகளால் அதுவும் முடியாது. வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எதுவும் வேண்டாம். நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். அமோனியா கலந்தது வேண்டாம், அதன் வாடை குட்டிக்குச் சிறுநீர் மாதிரியே இருக்கும், திரும்ப அதே இடத்துக்கு வரும்.

குட்டியை வாங்கும்போதே தடுப்பூசி அட்டையையும் குடற்புழு மருந்து கொடுத்த தேதிகளையும் கேட்டு வாங்குங்கள். உருண்டைப் புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்கு வந்துவிடும், பாலிலும் வரும். அதனால் சுத்தமான வீட்டில் பிறந்த குட்டிக்கும் புழு இருக்கும் என்றே எடுத்துக்கொள்வோம். எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் மருந்து, எடைக்குத் தகுந்த அளவில். இந்தப் புழுவின் முட்டை குழந்தைகளுக்கும் தொற்றும், ஆகவே மலத்தை உடனே அப்புறப்படுத்துவதும் மகள் கை கழுவுவதும் கட்டாயம்.

ஏன் ஒரே தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று பலர் கேட்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் இரண்டிலிருந்து நாலு வார இடைவெளியில் பதினாறு வாரம் ஆகும்வரை தொடர்ந்து போடுகிறோம். வெறிநோய்த் தடுப்பூசியை வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் நிறைந்த பிறகு போடுவோம். தடுப்பூசித் தொடர் முடியும்வரை தெரியாத நாய்கள் நடமாடும் தரையில் குட்டியை இறக்கிவிடாதீர்கள். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் பேதியும் தருகிற பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைக்கவும் வேண்டாம். உலகம் பயப்பட வேண்டிய இடமா இல்லையா என்று நாய் முடிவு செய்வது பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்கும் பதினாலாவது வாரத்துக்கும் இடையில்தான். இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டுங்கள். வண்டிச் சத்தம், குடை, தாடி வைத்தவர், தொப்பி போட்டவர், ஓடுகிற குழந்தைகள் எல்லாம் தூரத்திலிருந்து தெரியட்டும்.

வந்த இரண்டு மூன்று நாளுக்குள் உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள், போகும்போது அன்றைய மலத்தில் கொஞ்சம் டப்பாவில் கொண்டு போங்கள். குளிப்பாட்டுவதைச் சில வாரம் தள்ளிப் போடுங்கள், அழுக்கானால் ஈரத் துணியால் துடைத்தால் போதும். நீங்கள் வாங்கிய ஷாம்பு மனிதருடையது என்றால் அதையும் அடித்துவிடலாம்.

முதல் நாள் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு வேளை வேண்டாம் என்றாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ, பேதியோடு சோர்ந்து படுத்துவிட்டாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட வேண்டாம். குட்டி உடம்பில் நீர் வற்ற ஒரு நாள்கூடத் தேவையில்லை. ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒரு தரம் செய்து பார்த்து வைத்தால், மாறும்போது தெரியும்.

கடைசியாக, உங்கள் மகளின் கேள்வி. ஆமாம், அழும். பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட அது தனியாகத் தூங்கியதில்லை. ஏழெட்டு உடம்புகளின் சூட்டில் படுத்த குட்டியைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்தி, அழுது ஓயட்டும் என்று விடச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். முதல் ஒன்றிரண்டு வாரம் அதன் படுக்கை, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கையைத் தொங்கவிட்டால் தொடுகிற தூரத்தில் இருக்கட்டும். எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் உள்ள கூண்டு என்றால் இன்னும் வசதி. தாய் படுத்திருந்த இடத்துத் துணி ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் போடுங்கள், வாசனை துணையாக இருக்கும். அழுதால் உங்கள் மகள் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. கையைக் கீழே விட்டு, மெதுவாகப் பேசினால் போதும். ஓரிரு வாரத்தில் படுக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள் விரும்பும் இடத்துக்கு நகர்த்தலாம்.

ஆனால் நடுராத்திரி எழுந்து முனகினால் அது பெரும்பாலும் அம்மாவைத் தேடி இல்லை, சிறுநீருக்கு. விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்பப் படுக்க வையுங்கள். அது எழுப்பும்வரை காத்திருப்பதைவிட நீங்களே முந்திக்கொள்வது நல்லது. ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு அலாரம் வையுங்கள். பாக்கெட் உணவு விஷயத்தில் கணவர்தான் ஜெயித்தார், அதனால் முதல் வாரம் அலாரம் அவருடைய முறை.